தமிழ்த் தினமா, கழக மேடையா: பாடும் பிள்ளையை எதற்கு அனுப்பலாம்?

பத்தாம் ஆண்டு படிக்கும் என் மாணவி ஒருத்தியின் அம்மா போன மாதம் இரண்டு விண்ணப்பப் படிவங்களோடு உப்புவெளியில் என் வீட்டுக்கு வந்தார். ஒன்று பாடசாலையில் கொடுத்தது, தமிழ் மொழித் தினப் போட்டியின் தனி இசைக்கு. மற்றது ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாப் பாட்டுப் போட்டிக்கு. இரண்டுக்கும் ஒரு வார இடைவெளிதான். "ரெண்டுக்கும் பழக்க நேரமில்லை ரீச்சர், எதுக்கு விடுறது?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னேன். திருகோணமலையில் பாடுகிற பிள்ளை இருக்கும் வேறு வீடுகளிலும் இதே கேள்வி இருக்கும் என்பதால், யோசித்ததை விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்த் தினப் போட்டி கல்வி அமைச்சு நடத்துவது. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும். நம் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். அவற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளோடு பாட வேண்டும். பலர் இதை ஒரு தொல்லையாகப் பார்க்கிறார்கள், எத்தனை தரம் கூட்டிக்கொண்டு போவது என்று. எனக்கு இதன் பெரிய பலமே அந்தப் படிகள்தான். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் திருத்த அவகாசம் கிடைக்கிறது. வலயத்தில், பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் மூச்சு முட்டிய பிள்ளை, அதே உருப்படியை, அதாவது அதே பாட்டை, மாகாணத்தில் பாடும்போது எங்கே மூச்செடுப்பது என்று தெரிந்து பாடும். ஒரே பாட்டை மூன்று தரம், மூன்று மேடையில், மூன்று விதமான பதற்றத்தோடு பாடிப் பார்ப்பது வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம்.

இன்னொன்றும் உண்டு. மூதூர், கிண்ணியா முஸ்லிம் பாடசாலைப் பிள்ளையும், தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகிய பிள்ளையும், கோயிலில் தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்பது இந்தப் போட்டியில்தான். வேறு குரல் வளத்தை, வேறு பயிற்சியை அங்கே கேட்கலாம். என் மாணவர்கள் தங்கள் முறை முடிந்ததும் வீட்டுக்கு ஓடக் கூடாது, கடைசிப் பிள்ளை வரை இருந்து கேட்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்.

கழக மேடை வேறு உலகம். பெரும்பாலும் சினிமாப் பாட்டு, கரோக்கி ட்ராக், பெரிய ஒலிபெருக்கி, முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். இதைத் தரக்குறைவாக நினைக்கும் சங்கீத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, உச்சத்தில் அதை எப்படி விலக்குவது, முன்வரிசையில் யாரோ எழுந்து போகும்போது குரல் ஆடாமல் எப்படிப் பாடுவது என்பதையெல்லாம் இந்த மேடைதான் கற்றுத்தரும். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. அதனால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேக ஒழுங்கு, ஆட்டம் காணும் பிள்ளைக்கு இது நல்ல மருந்து. வகுப்பில் நான் தாளத்தைத் தட்டித் தட்டிச் சொல்லியும் கேட்காத ஒரு பையன், ட்ராக்கோடு இரண்டு மாதம் பாடியபின் ஆதி தாளத்தில் எடுப்பு (பாட்டைத் தொடங்கும் இடம்) பிசகாமல் பாடத் தொடங்கினான்.

ஆனால் சுருதி விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். தமிழ்த் தினத்தில் பிள்ளை தன் சுருதியில் பாடும். ஐந்து கட்டையா, ஐந்தரையா (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்பதை அவள் குரல் தீர்மானிக்கும். கழக மேடையில் ட்ராக்தான் தீர்மானிக்கும். மென்பொருளில் ஏற்றி இறக்கலாம் என்பார்கள். உண்மைதான், அரைக் கட்டை, ஒரு கட்டை தாங்கும். அதற்கு மேல் போனால் வாத்தியங்களின் நாதமே மாறி, பாடுகிறவர் காதும் குழம்பும். பதின்ம வயதில் இது சின்ன விஷயமில்லை.

முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். ஐந்து கட்டையில் கணீரென்று பாடிய பிள்ளை சில மாதங்களில் இரண்டு கட்டைக்கு வந்து நிற்பான், அதுவும் நேற்று வந்த சுரம் இன்று வராது. ஒரு வருடம் முன்பு இப்படி ஒரு மாணவனைக் கழக மேடை ஒன்றுக்கு அனுப்பினேன். நாங்கள் குறைத்து வைத்திருந்த ட்ராக்கை விட்டுவிட்டு, ஏற்பாட்டாளர்கள் தங்களிடம் இருந்த மூல ட்ராக்கைப் போட்டுவிட்டார்கள். இரண்டு கட்டை கூட. அவன் நிறுத்தாமல் பாடினான். சரணத்தில் குரல் பிளந்தது, கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் வகுப்புக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தான், வாய் திறக்கவில்லை. நான் பின்னால் நின்று ட்ராக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும். இன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

அதனால் கழக மேடைக்குப் போகிற வீட்டாருக்கு என் வேண்டுகோள்: ட்ராக்கை இரண்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள், பிள்ளையின் பெயரையும் சுருதியையும் எழுதி ஒட்டுங்கள், மேடையேறுமுன் முதல் பத்து விநாடியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆடி, ஆவணியில் திறந்தவெளி மேடை என்றால் கச்சான் காற்று தொண்டையை உலர்த்திவிடும், வெந்நீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். நிகழ்ச்சி பிந்தித் தொடங்கிப் பிந்தித்தான் முடியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் மூதூர்ப் பக்கப் பிள்ளைகளுக்கு ரவுனுக்கு வருவது எளிதாகிவிட்டது, ஆனால் இரவு திரும்பிப் போக ஒரு வாகனத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றை யாரும் படிவத்தோடு கொண்டுவந்து கேட்பதில்லை: கோயில்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் நடக்கும், தேவாரம் பாடும் பண்ணிசைப் போட்டி. குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனுக்கும், மேடை என்றாலே கை நடுங்கும் பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சுருதியை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம், சொல் தெளிவுதான் உயிர். நம் கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை. இன்று பூபாள இராகத்தில் பாடுகிறோம். ஐந்தே சுரம். ஆனால் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்ற இடத்தில் அவசரப்பட்டால் ரகரமும் ழகரமும் கரைந்துவிடும். கோணமலைப் பாறைக்குக் கீழே அலை அடிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த வரியின் பொருளை விளக்கவே தேவையில்லை. ஆறு மாதம் வாய் திறக்காத அந்தப் பையன் மறுபடி பாடத் தொடங்கியது இந்தப் பதிகத்தில்தான், இரண்டு கட்டையில்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது போட்டியல்ல, தரப் பரீட்சை. அங்கே பிள்ளையை அளப்பது பாடத்திட்டத்தோடு, பக்கத்துப் பிள்ளையோடு அல்ல. அதற்குப் படிக்கும் உருப்படியையே தமிழ்த் தினத்துக்கும் எடுத்தால் உழைப்பு வீணாகாது. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுக்கும் பிள்ளைக்குச் செயன்முறைப் பரீட்சைக்கும் அதே சாதகப் பயிற்சி உதவும்.

சரி, என் மாணவியின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குத் தாளம் திடம். சுருதியில் மட்டும், மேல் ஸ்தாயிக்கு, அதாவது உயர்ந்த சுரங்களுக்கு, போகும்போது கொஞ்சம் குறைந்துபோகும். ட்ராக்கோடு பாடினால் அந்தக் குறை வாத்தியச் சத்தத்தில் மறைந்துவிடும், அவளுக்கே தெரியாது. தம்புராவோடு மட்டும் நின்று பாடினால் தெரியும், திருத்தவும் முடியும். அதனால் இந்த வருடம் தமிழ்த் தினம் என்றேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கழகப் போட்டியில் முதல் பரிசு பணம், இங்கே சான்றிதழ். அதை நான் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, சில வீடுகளில் அந்தப் பணம் ஒரு மாத வகுப்புக் கட்டணம். அடுத்த வருடம் கழக மேடைக்கு நானே கூடப் போகிறேன், ட்ராக்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை விழாவுக்குப் போய், மற்றவர்கள் மைக் பிடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

உருப்படியும் மாற்றினோம். அவள் ஆசைப்பட்டது புதிதாகப் படித்த, சிட்டைசுரம் (பாட்டுக்குள் வரும் சுரக் கோவை) நிறைந்த ஒன்று. நான் எடுத்துக்கொடுத்தது ஒரு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கும் கல்யாணி இராகக் கீர்த்தனை. வலயப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தினமும் காலையில் அரை மணி நேரம், பாட்டை விட்டுவிட்டு, மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ச'வில், மட்டும் நின்று பழகுகிறாள்.