சோஃபர் விருது: மதப் புவியியல் படிப்பவர்கள் தாராளமாகப் போட்டியிடலாம்

மதம் இடத்தோடும் பயணத்தோடும் எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்க்கும் மதப் புவியியலில் ஆய்வு செய்கிற இளையவர்களுக்கென்றே இருக்கும் விருதுகள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று டேவிட் ஈ. சோஃபர் பெயரில் இருப்பது. அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தில் சமயங்களுக்கும் நம்பிக்கை முறைகளுக்கும் தனியாக ஒரு சிறப்புக் குழு உண்டு, சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வாசிக்கிற கட்டுரைக்கு அவர்கள் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஆய்வு மாணவர்கள் இதற்குப் போகலாமா என்றால் கண்டிப்பாகப் போகலாம் என்பேன்.

முக்கியக் காரணம் அந்தப் பெயர்தான். சோஃபர் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த புவியியலாளர். மதங்களின் புவியியல் பற்றி 1967-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், அடுத்த வருடமே குஜராத்தில் யாத்திரிகர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கட்டுரை எழுதினார். அப்புறம் 1973-ல் இந்தியாவின் இந்து யாத்திரைத் தலங்கள் பற்றிப் புவியியலாளர் சுரீந்தர் பரத்வாஜ் எழுதிய புத்தகம் வந்தது. நாடு முழுக்க அறிந்த பெரிய தலங்களுக்கு ஜனங்கள் பொதுவாகப் புண்ணியம் தேடிப் போகிறார்கள், பக்கத்துச் சின்னக் கோயிலுக்கோ ஏதாவது ஒரு குறிப்பான வேண்டுதலோடு போகிறார்கள் என்று அவர் களத்தில் விசாரித்துக் காட்டியது இன்றைக்கும் பேசப்படுகிறது. இந்தத் துறையின் அடித்தளத்திலேயே இந்திய யாத்திரை இருக்கிறது என்பதால், பழனிப் பாதயாத்திரையையோ நாகூர் கந்தூரியையோ எடுத்துக்கொண்டு போகிறவர் அங்கே அந்நியமாக நிற்க வேண்டியதில்லை.

பரிசுத் தொகையை நம்பி யாரும் இதற்கு இறங்க வேண்டாம். இதன் உண்மையான பலன், ஆய்வேட்டுக்குள் கிடக்கிற ஓர் அத்தியாயத்தை இருபது நிமிடத்துக்குள் சொல்லக்கூடிய ஒரே வாதமாகச் சுருக்க வைப்பதுதான். நம் பக்கம் பெரிய குறையே இதில்தான் இருக்கிறது. தல வரலாறு, திருவிழா வர்ணனை, கூட்டத்தின் எண்ணிக்கை இவற்றோடு கட்டுரை முடிந்துவிடும், புவியியல் கேள்வி வரவே வராது. வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள், சப்பரத்தை இழுத்துக்கொண்டு, வழியில் கிடைக்கிற பந்தலில் மோர் குடித்து, கல்யாண மண்டபத் திண்ணையிலும் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் படுத்து எழுந்து. அந்தப் பதினோரு நாளும் அந்தச் சாலை யாருடையது, எந்த ஊர்க்காரர் எங்கே பந்தல் போடுகிறார், பந்தல் போடுவது எந்த மதத்துக்காரர், நடப்பவர்கள் வழியிலேயே நாகூர் தர்காவுக்கும் போய்விட்டு வருகிறார்களா? இப்படிக் கேட்டு ஒரு வரைபடம் போட்டால் அது மதப் புவியியல். மாதாவின் அற்புதங்களைத் தொகுத்தால் அது வேறு வேலை, நல்ல வேலைதான், ஆனால் இந்த விருதுக்கானது அல்ல.

சரி, எனக்கு உறுத்துவது ஒன்று. கட்டுரையைச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வாசிப்பதோடு போட்டி பிணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் படிக்கிற மாணவருக்கு அது ஒரு விமான டிக்கெட், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறவருக்குப் பதிவுக் கட்டணம், விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு, தங்கும் செலவு என்று உதவித்தொகை மொத்தமும் கரைந்துவிடும். யாத்திரையைப் படிக்கிற துறை, தூரம் யாரைத் தடுக்கிறது என்பதை எல்லோரையும் விட நன்றாக அறிந்த துறை, தன் சொந்த வாசலில் இதை யோசித்திருக்க வேண்டும். இணையவழியில் வாசிப்பதை அந்த வருடம் போட்டிக்கு ஏற்கிறார்களா என்று குழுவுக்கு முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பயண நல்கைக்கு அதற்கப்புறம் அலையலாம்.

முதல் வருட மாணவர்கள் அவசரப்பட வேண்டாம். களப்பணி முடித்து, வரைபடத்தோடு ஓர் அத்தியாயம் கையில் வைத்திருப்பவர்கள் இப்போதே நெறியாளரிடம் பேசுங்கள். மாநாடு பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும், கட்டுரைச் சுருக்கத்தை அதற்குப் பல மாதம் முன்பே கேட்டுவிடுவார்கள்.