படுவான்கரைப் பிள்ளைகளுக்கு எந்த ஓநாய்?

இலங்கையில் ஓநாய் கிடையாது. நாயினத்துக் காட்டு விலங்கு என்று மட்டக்களப்புப் பிள்ளைகள் அறிந்தது நரி ஒன்றுதான். பிறகு உயர்தர ஆங்கில வாசிப்பு வகுப்பில் ஓநாய் நூல் எதற்கு என்று என்னோடு படிப்பிக்கும் ஒருவர் கேட்டார். என் வகுப்பில் பாதிப் பேர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள். பெரும்போக நெல் வெள்ளாமை முற்றும் நாட்களில் அவர்கள் வீட்டில் யாரும் முழு இரவு உறங்குவதில்லை. வயலுக்கு வரும் யானையை விரட்டக் கொளுத்தும் யானைவெடியின் சத்தம் கேட்டு விழித்த கண்ணோடு காலையில் வகுப்புக்கு வருவார்கள். யானையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் சிலர் மௌனமாகிவிடுகிறார்கள், சிலருக்குக் கோபம் வருகிறது. ஓநாய் தூரத்தில் இருப்பதால் அதைப் பற்றி வாய் திறக்கிறார்கள்.

என் முன்னால் இரண்டு படைப்புகள் இருந்தன. ஒன்று, கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவட் 1963இல் வெளியிட்ட 'நெவர் க்ரை வுல்ஃப்'. மற்றது, அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டின் 'மலையைப் போல் சிந்தித்தல்' என்ற கட்டுரை. லியோபோல்ட் 1948இல் இறந்த பின், 1949இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. அதே 1949இல்தான் அம்பாறைப் பக்கம் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்துக்காகக் காடு வெட்டத் தொடங்கினார்கள். வகுப்பில் இந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதினால் போதும், பேச்சு தானாகவே நம் ஊருக்கு வந்துவிடும்.

படிக்கச் சுகமானது மோவட்தான். கரிபு மான்கள் குறைவது ஏன் என்று கண்டறிய அரசாங்கம் அவரை வட கனடாவுக்கு அனுப்புகிறது. ஓநாய்தான் குற்றவாளி என்று முதலிலேயே தீர்மானித்தாயிற்று. அவர் ஒரு குகைக்கு அருகில் கூடாரம் அடித்து, ஜார்ஜ், ஏஞ்சலின் என்று பெயர் வைத்து ஒரு குடும்பத்தையே கவனிக்கிறார். மான்கள் இல்லாத கோடையில் ஓநாய் எலியைத் தின்று வாழ முடியுமா என்று பார்க்கத் தானே எலி தின்கிறார். அந்த அத்தியாயத்தில் என் வகுப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு இதைவிட நல்ல நூலை நான் கண்டதில்லை.

லியோபோல்டின் கட்டுரை சில பக்கங்கள்தான், ஆனால் இறுக்கமானது. ஒரு பந்தியைக் கடக்க ஒரு பாடவேளை முழுவதும் போய்விடுகிறது.

உண்மை என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கனடிய வனவிலங்குச் சேவையைச் சேர்ந்த பிராங்க் பான்ஃபீல்ட் 1964இலேயே மோவட்டின் நூலைக் கடுமையாக மறுத்தார். பின்னால் வந்த ஓநாய் ஆய்வாளர்களும் அதை ஆய்வாக ஏற்கவில்லை. இதை மாணவரிடம் மறைத்துப் படிப்பிப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொன்னபோது ஒரு மாணவி, “அப்படியென்றால் ஏன் ரீச்சர் நாங்கள் இதைப் படித்தோம்?” என்று கேட்டாள். நினைவுநூல் எது, கதை எது, ஆய்வு எது என்று அவர்கள் வாதாடிய அந்த மூன்று நாட்களையே பதிலாகக் கொள்கிறேன்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. மோவட்டின் ஓநாய் யாருடைய வயல் வட்டைக்குள்ளும் இறங்குவதில்லை, யாருடைய மாட்டுப் பட்டியிலும் கன்று தூக்குவதில்லை. அதை நேசிப்பதால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. வெல்லாவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன் இதைச் சட்டென்று பிடித்துவிட்டான்.

லியோபோல்ட் நிற்கும் இடம் வேறு. 1909இல், இருபத்திரண்டு வயதில், அரிசோனா மலையில் அவரே துப்பாக்கி தூக்கினார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்கு நல்லது என்பது அன்றைய கணக்கு. சுட்டு வீழ்த்திய தாய் ஓநாயின் கண்ணில் ஒரு பச்சை நெருப்பு அணைவதைக் கிட்டப்போய்ப் பார்த்தார். அதை எழுதியது 1944இல். முப்பத்தைந்து ஆண்டுகள் அது அவருக்குள் கிடந்திருக்கிறது. ஓநாய் ஒழிந்த மலைகளில் மான்கள் புல் பூண்டு விடாமல் மேய்ந்து, பின் தாமே பட்டினியில் செத்ததைச் சொல்லும்போது அவர் யாரையும் கண்டிப்பதில்லை. கையில் வெடி பிடித்த தகப்பனின் பிள்ளை இதைக் கேட்கும், ஏனென்றால் பேசுகிறவரும் சுட்டவர்.

இத்தோடு லியோபோல்டையே தேர்ந்திருப்பேன். மோவட்டின் கடைசிப் பகுதி என்னைத் தடுத்தது. கோடை முடியும் வேளையில் குகையை அளக்க உள்ளே தவழ்ந்து போகிறார். வெறுமையாக இருக்கும் என்று நினைத்த குகையில் ஏஞ்சலினும் ஒரு குட்டியும் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவை அசையக்கூட இல்லை. ஆனால் அவருக்குள் பயம் பொங்கி, அது ஆத்திரமாகிறது. துப்பாக்கி இருந்திருந்தால் சுட்டிருப்பேன் என்கிறார். அத்தனை மாதப் பழக்கமும் அந்த ஒரு கணத்தில் கரைந்துவிட்டது. தன்னை நினைத்து அவர் வெட்கப்படும் அந்தப் பக்கத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் மட்டும் கிடைத்தால் லியோபோல்ட் போதும். ஒரு தவணை முழுவதும் இருந்தால் மோவட்டைப் படிப்பித்து, பான்ஃபீல்டின் மறுப்பையும் சொல்லி, குகைக் காட்சிக்குப் பக்கத்தில் பச்சை நெருப்புப் பந்தியை வைப்பேன். தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் யானையை நேராகவே சந்திக்கலாம்.

சென்ற தவணை அந்த இரண்டு பந்திகளையும் சேர்த்து வாசித்த மறுநாள், வெல்லாவெளிப் பையன் கேட்காமலேயே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். தகப்பனோடு காவல் பரணில் இருந்த இரவு அது. கீழே குட்டியோடு ஒரு யானை நின்றதாம். தகப்பன் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கொளுத்தாமல் இருந்தாராம். ஏன் என்று அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.