சமூகவியல் இளங்கலை: திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரியொன்றில் மூன்றாண்டுகள் படித்தவளின் மதிப்பீடு

திருப்பூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் இளங்கலையை ஆறு பருவங்களும் படித்து முடித்திருக்கிறேன். சேர்ந்த நாளில் உறவினர் பலரும் இதைச் சமூகப்பணிப் படிப்பு என்றே எண்ணினார்கள். சமூகப்பணி, துன்பப்படுபவருக்கு எப்படி உதவுவது என்று பயிற்றுவிக்கிறது; சமூகவியலோ அந்தத் துன்பம் ஏன் சிலருக்கே தொடர்ந்து வாய்க்கிறது என்று கேட்கிறது. பாடம் மிகச் சிறந்தது. கற்பிக்கப்பட்ட முறை பாதி தூரம்தான் வந்தது என்பது என் முடிவு.

முதலாண்டில் அகமணம் (தம் குழுவுக்குள் மணம்), புறமணம் (தம் குழுவுக்கு வெளியே மணம்) என்ற இரண்டு சொற்களுக்கும் வரையறை எழுதி மனப்பாடம் செய்தோம். எடுத்துக்காட்டுகள் எங்கோ தொலைதூரத்துப் பழங்குடிகளிடமிருந்து வந்தன. எங்கள் ஊரிலோ, பெண் பார்க்கப் போகும் எவரும் முதலில் கேட்பது 'என்ன கூட்டம்?' என்பதுதான். கூட்டம் என்பது சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு; ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனால் சாதிக்கு வெளியேயும் போகமாட்டார்கள். கூட்டத்துக்கு வெளியே, சாதிக்கு உள்ளே என்ற இந்த ஒற்றை வழக்கத்தில் இரண்டு வரையறைகளும் அடங்கிவிடுகின்றன. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வரும் மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்கு நாட்டுச் சாதிகள் வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்ததை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பாடும் வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவும் செய்தார். எங்கள் மண்ணைப் பற்றிய இந்த ஆய்வின் பெயர்கூட மூன்றாண்டுகளில் ஒரு வகுப்பிலும் ஒலிக்கவில்லை. நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

கோட்பாட்டுத் தாள்களை நான் குறை சொல்லமாட்டேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் எழுதிய ஆய்வு, தற்கொலை என்னும் முற்றிலும் தனிமனிதச் செயலாகத் தோன்றுவதைக்கூட, ஒருவர் தம் சமூகத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறார் என்பதோடு சேர்த்து விளக்குகிறது. அதைப் படித்த பிறகு நாளிதழில் வரும் மரணச் செய்தியைப் பழையபடி என்னால் படிக்க முடியவில்லை. இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் 1948இல் செய்த களப்பணியும் அப்படித்தான். அவருடைய ஆய்வுக் குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் நேர்ந்த தீவைப்பில் எரிந்துபோயின. பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை எழுதினார். இதை எங்கள் ஆசிரியை ஒருவர் சொன்னபோது வகுப்பே அசையாமல் கேட்டது. அந்த ஆசிரியை ஒருவரே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசியவர்.

இந்தப் படிப்பின் உண்மையான மதிப்பு எனக்கு மூன்றாம் ஆண்டுக் களப்பணியில்தான் தெரிந்தது. பனியன் கம்பெனிப் பெண் தொழிலாளர்களைச் சந்திக்க அச்சிட்ட வினாப்படிவத்தோடு அனுப்பப்பட்டோம். நான்காவது கேள்வி: 'மாத வருமானம் எவ்வளவு?' தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாசக் கணக்கு எங்க கண்ணு இருக்குது? சனிக்கிழமை சம்பளம், ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள் ஓடுச்சோ அதுதான்" என்றார். ஆர்டர் வந்தால் இரவு எட்டரை வரை வேலை. இல்லாவிட்டால் பகலோடு வீடு. அவர் வாழ்க்கை வாரத்தாலும் ஷிப்டாலும் அளக்கப்பட, எங்கள் படிவமோ அரசு ஊழியரின் மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஆய்வு முறையியல் தாளில் ஒரு பருவம் முழுவதும் படித்ததைவிட அந்தப் பதில் எனக்கு அதிகம் கற்பித்தது. ஆனால் துறையில் அந்தக் கேள்வியை மாற்ற அனுமதிக்கவில்லை. ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு நிரப்பச் சொன்னார்கள். அதை நான் இன்றும் தவறு என்றே சொல்வேன்.

தேர்வுக்கு ஜெராக்ஸ் நோட்ஸ் போதும், அதுவே பெருங்குறை. தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு நல்ல நூல்கள் குறைவு என்பதால், கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலையைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. இளங்கலையோடு நேரடியாக அமையும் பணிகள் மிகக் குறைவு. முதுகலை, பிறகு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியப் பணி என்பது ஒரு வழி. குடிமைப் பணித் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்கள், 500 மதிப்பெண்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பல பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். உடனடிச் சம்பளம் தேவைப்படும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்; மேலே படிக்க இரண்டாண்டு பொறுக்க முடிந்தவருக்கு மனமாரப் பரிந்துரைப்பேன்.

சேர்வதற்கு முன் அந்தத் துறைக்கு நேரில் சென்று, முந்தைய ஆண்டு மாணவர்களின் களப்பணி அறிக்கைகளைக் காட்டச் சொல்லுங்கள். விசைத்தறிக் கூடமோ, சந்தையோ, வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்போ அவற்றில் பெயரோடும் அளவோடும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். எல்லா அறிக்கைகளும் ஒரே முன்னுரையோடு தொடங்கினால், அடுத்த கல்லூரியையும் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.