காய்கறி பாத்திக்கு பேலட் கட்டையா பனங்கையா? பயன்படுத்திப் பாத்ததுல தெரிஞ்சது

எங்க தூத்துக்குடி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி மரச்சட்டம் அடிச்சு உயர பாத்தி போட்டு கத்திரி, வெண்டை, கீரைன்னு சில வருஷமா ஓடிட்டு இருக்கு, ரெண்டு பாத்தி பேலட் கட்டை (சரக்கு அடுக்கி ஏத்தி இறக்குற மரத்தட்டு), ஒண்ணு பனங்கை (பனை மரத்துல அறுத்த சட்டம்).

துறைமுக ஊருல்லா, பேலட் சல்லிசா கிடைக்கும். எடுக்கும்போது கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரைய பாருங்க, பக்கத்துல ஹெச்டின்னு (HT) இருந்தா கட்டையோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டுல அரை மணி நேரம் வச்சு பூச்சிய கொன்னது, எம்பின்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது, அது நமக்கு வேண்டாம். ஆனா ஹெச்டி போட்டதாலயே அது சுத்தம்னு அர்த்தம் இல்ல, அது மேல என்ன டிரம் ஏத்துனாங்க, என்ன கொட்டுச்சுன்னு முத்திரை சொல்லாது, அதனால கறை, நாத்தம் இருக்கறத நான் தொடுறதே இல்ல. சூடு காட்டுனா கரையான் வராதுன்னு சொல்றதும் சும்மா, ரெண்டாவது ஐப்பசி மழையிலயே அடிக்கட்டை மெத்துன்னு ஆயிருச்சு.

பனங்கை, பழைய ஓட்டு வீடு இடிச்ச சாமான் விக்கிற கடையில வாங்குனது. நல்லா முத்துன பனை, வைரம் பாஞ்சது, இன்னி வரைக்கும் அசையல. அறுக்கத்தான் உயிர் போகும், ஆணி இறங்காது, ட்ரில் போட்டு போல்ட் மாட்டணும், சிராய் ஏறுனா ரெண்டு நாளைக்கு கை வலிக்கும். வாங்கும்போது உள்பக்கத்து சோத்த, அதாவது மெத்துன்னு இருக்கற பகுதிய செதுக்கி எடுக்கச் சொல்லுங்க, கரையான் மொதல்ல அங்கதான் வரும்.

கடைக்காரர் "கழிவு ஆயில் ஒரு கோட் அடிங்க அண்ணாச்சி, பத்து வருஷம் நிக்கும்"னாரு. வேலிக்கல்லுக்குப் பதிலா நடுற கம்புக்கு சரி, கீரை வளர்ற மண்ணுக்கு எதுக்கு இஞ்சின்ல ஓடி கருத்துப்போன எண்ணெய்? ரயில் ஸ்லீப்பர் கட்டையும் இதே கதைதான், அதுல ஊறியிருக்கறது கிரியோசோட்ங்கற தார் எண்ணெய், வெயில் ஏறுனா நாத்தமே காட்டிக்குடுத்துரும். பழைய கதவு, ஜன்னல் பலகைல பெயிண்ட் இருந்தா விட்ருங்க, நம்ம நாட்டுல பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல கூடாதுங்கற சட்டமே 2017 கடைசியிலதான் அமலுக்கு வந்துச்சு. பச்சை சாயல் அடிக்கிற மருந்து ஏத்துன கட்டைன்னா என்ன மருந்துன்னு கேளுங்க, ஆர்சனிக் கலந்த சிசிஏ வகைய அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு 2003 கடைசியோட நிறுத்திட்டாங்க. ரப்பர் மரம் மலிவுதான், ஆனா அதுக்கு ஏத்துற போராக்ஸ் மழையில கரைஞ்சு போயிரும், அப்புறம் பூஞ்சை புடிச்சு போச்சு.

தக்காளிக்கு இன்னொரு பாத்தி போடணும். பனங்கை மாட்டல, பூவரசு இருக்குன்னாங்க. அத ஈர மண்ணுல போட்டுப் பாத்தவங்க யாராவது எத்தன மழை தாங்குச்சுன்னு சொல்லுங்க.