1,450 ரூபா நண்டு 23,200 ரூபா ஆன கதை: கொழும்பு கோட்டைப் பக்கம் சாப்பிடப் போறவை கவனம்

சனிக்கிழமை இரவு நடந்தது, இண்டைக்குச் செவ்வாய். இன்னும் வயிறு எரியுது. அதால எழுத்து அங்கயும் இங்கயும் பாஞ்சால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 48,130 ரூபா. நாங்கள் ஆறு பேர், அதில ரெண்டு பேர் நூடில்ஸைத் தவிர வேற ஒண்டையும் தொடாத சின்னப் பிள்ளையள்.

கடையின்ர பேரைப் போடேல்ல, கேக்கவும் வேண்டாம். கோட்டைப் பக்கம், மத்தியானத்தில ஒஃபிஸ் ஆக்கள் சோத்துப் பெட்டி வேண்டிக்கொண்டு போற, வாசல்ல சிவப்புக் கூண்டு விளக்கு தொங்கிற, மேசைக்கு பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சாதாரண சைனீஸ் கடை. நட்சத்திர ஹோட்டல் இல்லை. அப்பிடி ஒரு இடத்துக்குப் போயிருந்தால் பர்ஸைப் பாத்துத்தான் போயிருப்பன்.

அப்பாவுக்குக் கண் காட்ட அம்மாவும் அவரும் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நாலு நாள் நிண்டவை. சனி இரவு திரும்பிப் போக பஸ் புக் பண்ணியிருந்தது. போகமுதல் ஒருநேரம் வெளியில சாப்பிடுவம் எண்டு மனுசிதான் சொன்னவ. அம்மாவுக்கு ஹொட் பட்டர் கணவாய் எண்டால் உயிர். (சீனாவில கேட்டால் இப்பிடி ஒரு சாமானே இல்லை எண்டுவாங்கள், அது எங்கட நாட்டுச் சைனீஸ். இருந்தாலும் அம்மாவுக்கு அதுதான் சீனா.)

உள்ள போய் இருந்த உடன ஒரு வெயிட்டர் தம்பி வந்தார். நாங்கள் கதைக்கிறதைக் கேட்டிட்டுத் தமிழிலயே தொடங்கினார். "அம்மா யாழ்ப்பாணமோ? அங்கத்தய ஆக்களுக்கு நாங்கள் உறைப்புக் கூடப் போட்டுத் தருவம்." அப்பாவுக்குக் கதிரையை இழுத்து விட்டார், சின்னவனுக்குக் கேக்காமலே முள்ளுக்கரண்டி கொண்டுவந்தார். கோட்டைக்குள்ள ஒரு கடையில எங்கட பாசையில இவ்வளவு அன்பாக் கதைச்சால் ஆருக்குத்தான் மனம் இளகாது? அந்த இடத்திலதான் நான் விழுந்தது.

மெனுவை என்ர கையில தரேல்ல. தானே விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "அண்ணா, இண்டைக்கு நல்ல நண்டு வந்திருக்கு. சில்லி நண்டு எடுங்கோ. ஒண்டு காணாது, ரெண்டு போடவோ?" படத்துக்குப் பக்கத்தில 1,450 எண்டு பெரிய எழுத்தில இருந்தது. ரெண்டுக்கு 2,900, சரி போடுங்கோ எண்டன். அந்த 1,450க்குக் கீழ, எறும்பு ஊர்ந்த மாதிரி '100 கிராம்' எண்டு இருந்ததை நான் பாக்கேல்ல. அந்த இடத்தில தம்பியின்ர பெருவிரல் இருந்தது. வேணுமெண்டு வச்சாரோ, சும்மா வந்ததோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

நானும் யோசிச்சிருக்க வேணும், ஒத்துக்கொள்ளுறன். கொழும்பில களப்பு நண்டை 1,450க்கு ஆர் தருவான்? ஊரில வேண்டுற நீலக்கால் நண்டு மாதிரி சின்னன் ரெண்டு வரும் எண்டுதான் நினைச்சன். ஒழுங்கான கடையெண்டால் நண்டைத் தட்டில வச்சு மேசைக்குக் கொண்டுவந்து காட்டி, இவ்வளவு நிறை, இவ்வளவு விலை எண்டு சொல்லி, நாங்கள் தலையாட்டின பிறகுதான் சட்டியில போடுவினம். இங்க ஒருத்தரும் ஒண்டும் காட்டேல்ல. நேரா குழம்போட வந்து இறங்கிச்சுது.

சாப்பாடு நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லேல்ல. அதுதான் இன்னும் கோவம்.

பில் வரேக்க பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நண்டு 1.6 கிலோ, 23,200 ரூபா. சோறு, நூடில்ஸ், கணவாய், சிக்கன், கங்குன் கீரை, சூப், சோடா எல்லாம் சேத்தே 12,800தான். மொத்தம் 36,000. அதுக்கு மேல சேவைக் கட்டணம் 10 வீதம், 3,600. அந்த ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், 7,128. கார்ட்டை நீட்ட, "கார்ட் எண்டால் 3 வீதம் கூட வரும் அண்ணா." கடைசியா மெசின்ல விழுந்தது 48,130. நான் மனசுக்குள்ள போட்ட கணக்கு எல்லா வரியோடயும் 20,000 சொச்சம்.

அம்மா பில்லைப் பாக்கேல்ல, தட்டைத்தான் பாத்தவ. அறுபது வருசமா நண்டு உடைக்கிற கை. "ரெண்டு ஓடு கிடக்கு, பெரிய கால் மூண்டுதான் கிடக்கு. நாலாவது எங்க? இது ரெண்டும் சேந்து முக்காக் கிலோவும் வராது அப்பன்." நான் காசாளரைக் கூப்பிட எழும்பினதுதான், திரும்பிப் பாக்க மேசையில ஓடும் இல்லை, காலும் இல்லை, துடைச்சு வச்சிருக்கு. அன்பான தம்பியையும் காணேல்ல.

காசாளர் தலையை நிமித்தாமலே, "மெனுவில போட்டிருக்குத்தானே" எண்டார். நண்டு நிறுத்த நிறைத் துண்டைக் காட்டுங்கோ எண்டன். அது குசினியில. குசினியில கேளுங்கோ எண்டன். குசினி மூடியாச்சு. பக்கத்து மேசைக்குச் சுடச்சுடச் சோறு போய்க்கொண்டிருக்கு, குசினி மூடியாச்சாம்! அப்பா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாசலில நிக்கிறார், முச்சக்கரவண்டிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். கட்டிப்போட்டு வந்திட்டன். 48,130.

ஞாயிறு போன் எடுத்தன். மனேஜர் லீவு. திங்கள் எடுத்தன். மனேஜர் மீட்டிங்ல, வட்சப்ல பில்லைப் போடுங்கோ. போட்டன். நீலக் கோடு ரெண்டும் விழுந்தது, பதில் விழேல்ல. இண்டைக்குக் காலமை வேற நம்பரில இருந்து எடுக்க மனேஜரே அம்பிட்டார். "சேர், அடுத்தமுறை வாங்கோ, 10 வீதம் டிஸ்கவுண்ட் போட்டுத் தாறம்." 48,130 ரூபாயைக் குடுத்தவனைத் திரும்பவும் வந்து சாப்பிடட்டாம்.

பிறகுதான் பில்லை வடிவாப் பாத்தன். வற் எண்டு 7,128 எடுத்திருக்கினம், வற் பதிவு இலக்கம் எங்கயும் இல்லை. பதிவில்லாத கடைக்கு வற் அறவிட உரிமையே இல்லை. அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகுதோ கல்லாப்பெட்டிக்குப் போகுதோ? கார்ட்டுக்கு 3 வீதம் எடுத்ததும் பிழை. அது கடைக்காரர் வங்கிக்குக் கட்டுற காசு, எங்கட தலையில போடக்கூடாது எண்டு மத்திய வங்கியே சொல்லியிருக்கு. கார்ட் தந்த வங்கிக்கு முறைப்பாடு எழுதிப்போட்டன்.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில போன் அடிச்சன். எழுத்தில முறைப்பாடு குடுக்கட்டாம், பில் பிரதியோட. நடந்து மூண்டு மாதத்துக்குள்ள குடுக்க வேணும், இது கன பேருக்குத் தெரியாது.

என்னென்ன கவனிக்க வேணும் எண்டு விவரமா எழுதத்தான் தொடங்கினன், கை வருகுதில்லை. மெனுவை உங்கட கையில வேண்டிப் பாருங்கோ, விரல் வச்சிருந்தால் எடுக்கச் சொல்லுங்கோ. நண்டு, இறால், மீன் எண்டால் 100 கிராமோ, தட்டோ, முழுசோ எண்டு வாய் திறந்து கேளுங்கோ. சமைக்கமுதல் கண்ணுக்கு முன்னால நிறுக்கச் சொல்லுங்கோ. சண்டை முடியும்வரைக்கும் தட்டை எடுக்க விடாதேங்கோ, ஒரு படமாவது எடுங்கோ. பஸ்ஸுக்கு முதல் போகாதேங்கோ.

அம்மா ஊரில இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "அவங்கள் காசு தந்தவங்களோ?" எண்டு கேக்கிறா. நாளைக்கு அரைநாள் லீவு போட்டு வொக்ஸ்ஹோல் வீதியில இருக்கிற நுகர்வோர் அதிகார சபைக்குப் போறன். பில்லைப் பொலித்தீன் கவரில போட்டு வச்சிருக்கிறன். மெசின் பேப்பர்தானே, நண்டு வரியில எழுத்து இப்பவே மங்கத் தொடங்கிட்டுது.