மாமாவின் மடக்குக் கத்திகள்: வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை

கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த மடக்குக் கத்திகள் என்னிடம் வந்தன. அத்தைக்கு அவற்றை வீட்டில் வைத்திருக்கவே பயம். "எய்யா, இதுகள நீயே கொண்டு போயிரு, பேரப்பிள்ளைக கையில சிக்கிச்சுன்னா வம்பு" என்று கித்தான் சுருளோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவற்றைச் சுத்தம் செய்து, எது எந்த ஊர்க் கத்தி என்று கண்டுபிடித்து, வீட்டு வேலைக்கும் எடுத்துப் புழங்கி வருகிறேன். கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன விலை போகும்?" அதற்கு இங்கே பதில் கிடையாது. எது என்ன கத்தி, தூத்துக்குடி உப்புக் காற்றில் எது தாக்குப்பிடிக்கிறது, எது மக்கர் பண்ணுகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பழைய கத்தி கைக்கு வந்ததும் உப்புத்தாளும் பித்தளை பாலிஷும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் இல்லாத ஒரு சிறு பட்டை இருக்கும். கத்திப் பிரியர்கள் அதை 'டேங்' என்பார்கள். செய்த கம்பெனி, ஊர், சில சமயம் ஆண்டுகூட அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாத எழுத்துகள் அவை. பளபளப்பாக்குகிறேன் என்று நாலு தேய் தேய்த்தால் கத்தியின் பிறப்புச் சான்றிதழ் போயிற்று. தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டினாலே போதும். பிறகு டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மொட்டையாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் எழும்பி வரும். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சுருளில் மிகப் பழையது, எருமைக் கொம்புப் பிடி போட்ட இரண்டு அலகுக் கத்தி. டேங்கில் ஒரு நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் இருந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இயங்கிய ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் கம்பெனியின் முத்திரை அது. அரண்மனைக்குக் கத்தி செய்து கொடுத்த கம்பெனி என்பதால், பெயரோடு மன்னரின் முதலெழுத்துகளையும் கிரீடத்தையும் பொறிப்பார்கள். விக்டோரியா காலத்தில் வி.ஆர்., 1901-லிருந்து 1910 வரை இ.ஆர்., அதன்பின் ஜி.ஆர். இந்தக் கத்தியில் இருப்பது ஜி.ஆர். ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ, எப்படியும் 1910-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. அப்படியென்றால் மாமா வாங்கியதாக இருக்காது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தாத்தாவுடையதாகத்தான் இருக்கும் என்று அம்மாவும் சொன்னார்.

ராட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மவுசில், ஒரு எழுத்தை மாற்றிப் போட்ட போலிகளும் ஏராளமாகப் புழங்கின. பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. நட்சத்திரமும் சிலுவையும் சுத்தமாகக் குத்தப்பட்டிருக்கின்றனவா, அலகைத் திறக்கும்போதும் மடக்கும்போதும் பிடிக்குள் இருக்கும் வில் (ஸ்பிரிங்) 'டக்' என்று இறுக்கமாக அடிக்கிறதா, பிடிக்கும் அதன் அடியிலுள்ள தகட்டுக்கும் நடுவில் சந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல ஷெஃபீல்டு வேலையில் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டாது.

இந்தக் கத்தியின் பெரிய அலகு சாணை பிடித்துப் பிடித்தே பாதியாகத் தேய்ந்திருக்கிறது. சின்ன அலகோ புதுசு போல இருக்கிறது. தேய்ந்த அலகில் ஒரு வில்லங்கம் உண்டு. அகலம் குறையக் குறைய, மடக்கி வைத்திருக்கும்போது முனை பிடிக்கு வெளியே லேசாக எட்டிப் பார்க்கும். சட்டைப் பையில் போட்டால் துணியைக் கிழிக்கும், விரலையும் பதம் பார்க்கும். அதனால் இது மேஜை விட்டு நகர்வதில்லை. கடிதம் பிரிக்க, பார்சல் கட்டு வெட்ட மட்டும். ஆனால் இதிலுள்ள எஃகு மாதிரி சீக்கிரம் கூராகிற எஃகு இந்தச் சுருளில் வேறு எதிலும் இல்லை. கல்லில் ஏழெட்டு இழுப்பு, பிறகு பழைய பெல்ட்டின் பின்பக்கத்தில் சில இழுப்பு, முழங்கை முடி வழித்துக்கொண்டு வரும்.

கருப்பு சொரசொரப்புப் பிடியும் கனமான ஆணி ஒன்றும் உள்ள அடுத்த கத்தி பிரிட்டிஷ் ராணுவத்துடையது. அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அரசுச் சொத்து என்று பொருள். டேங்கில் 1943 என்று ஆண்டும் இருக்கிறது. யுத்தம் முடிந்ததும் இந்த மாதிரிச் சாமான்கள் கழித்துக்கட்டப்பட்டு பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. மாமா இதை வாங்கியது சென்னை மூர் மார்க்கெட்டில், 1985-ல் அது எரிந்துபோவதற்கு வெகுகாலம் முன்னால். முதுகில் மடங்கியிருக்கும் ஆணி, கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒன்றோடொன்று பின்னுவதற்கு. அலகுக்குக் கூர்முனை கிடையாது, நுனி மொண்ணையாக இறங்கும். மாலுமிகள் கத்தியின் வடிவம் இது, ஆடுகிற கப்பலில் கை தவறினாலும் யாரையும் குத்தாது. தடித்த கயிற்றை வெட்ட அலகை அதன்மேல் வைத்து முதுகில் கட்டையால் ஒரு போடு போடுவார்கள். முதுகில் அந்த அடிகளின் தழும்பு வரிசையாக இருக்கிறது. கொல்லையில் துணிக்கொடி கட்ட, இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க இந்த ஆணிக்கு இணை இல்லை. வெட்டுவதற்கு மட்டும் சுகமில்லை, அலகு ரொம்பத் தடிமன்.

மாமா ஜப்பானின் கோபேயில் வாங்கியது ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி. கோபேக்குப் பக்கத்திலுள்ள மிகி என்ற ஊர்தான் இதற்குப் பிறந்த வீடு. மடித்த பித்தளைத் தகடு ஒன்றுதான் பிடி. அதன்மேல் ஜப்பானிய எழுத்தில் பெயர். வில் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் பின்னால் வால் போல ஒரு நெம்பி நீண்டிருக்கும். வெட்டும்போது கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960-களில் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்று எழுந்த எதிர்ப்பில் தொழிலே படுத்துவிட்டது. கத்தி செய்வோரின் பழைய சங்கத்து வழியில் இந்தப் பெயரைப் போட்டுச் செய்கிறவர்கள் இப்போது ஒரே ஒரு பட்டறைக்காரர்கள், நாகாவோ குடும்பம். என் மகளுக்குப் பென்சில் சீவித் தருவது இதில்தான். ஷார்ப்னர் போல நுனியை ஒடிக்காது, வேண்டிய நீளத்துக்குச் சீவலாம். நடுவில் கெட்டி எஃகும் இரு பக்கமும் மென்மையான இரும்பும் வைத்து அடித்த அலகு என்பதால் தீட்டுவதும் சுலபம். பித்தளையில் மட்டும் களிம்பு ஏறும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரி.

மார்சேயில் வாங்கிய ஓப்பினல் எட்டாம் நம்பர்தான் அதிகம் உழைத்தது, எனக்கும் மாமாவுக்கும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் 1890-ல் தொடங்கிய கத்தி இது. அலகில் கையும் கிரீடமும் உள்ள முத்திரை 1909-லிருந்து வருகிறது. பழைய ஓப்பினலுக்கு வயது சொல்வது கழுத்து வளையம். பூட்டும் வளையம் 1955-ல் வந்தது. எட்டாம் நம்பரில் பூட்டும் வளையம் இல்லாமல் இருந்தால் அதற்கு முந்தையது. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் கத்தி மூடியிருக்கும்போதும் வளையம் பூட்டும். மாமாவுடையதில் திறந்திருக்கும்போது மட்டும்தான் பூட்டும். இடைப்பட்ட காலத்துச் சரக்கு.

குறை என்று சொன்னால் மழைக்காலம்தான். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்தால் பிடியின் பீச் மரம் ஈரத்தைக் குடித்து ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் பெயர்ந்தாலும் திறக்காது. சவோய்க்காரர்களே இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்: பிடியின் பின்நுனியை மேஜை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அலகின் நுனி வெளியே எகிறும், பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். நன்றாக வெயிலில் காய்ந்த நாளில் அலகு சுழலும் அச்சுப் பக்கம் மெழுகு உருக்கி விட்டதில் இந்தத் தொல்லை பாதி குறைந்தது.

இது துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. கிளிமூக்கு மாங்காயை நறுக்கினால் அலகு கண்ணெதிரே நீலமாகி, கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகும். முதல் சில தடவை மாங்காயிலும் ஒரு இரும்பு வாடை ஒட்டும். பார்க்கிறவர்கள் கத்தி கெட்டுப்போச்சு என்பார்கள். கெடவில்லை. அந்தச் சாம்பல் படலம் படிந்த பிறகு செந்துரு பிடிப்பது குறைகிறது, மாங்காயில் வாடையும் வருவதில்லை. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தால் படலம். செம்மண் போலக் கையில் ஒட்டினால் துரு. முன்னதைத் தொடாதீர்கள், பின்னதை உடனே எடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள். அது நாளாக நாளாகச் சிக்கு வாடை அடித்து, மூட்டில் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை.

அமெரிக்கக் கத்தி ஒன்று இருக்கிறது, பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் கம்பெனி செய்தது. ஆண்டு கண்டுபிடிக்க இதைவிட வசதியான கத்தி உலகத்திலேயே கிடையாது. 1970-ல் முத்திரைக்கு அடியில் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இதில் ஏழு புள்ளி, ஆக 1973. நம்பரும் ஒரு கணக்குத்தான்: 6254 என்றால், 6 கீறல் போட்ட எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 அந்த வடிவத்தின் எண். மாமா இதைத் தொட்டதாகவே தெரியவில்லை, அலகில் ஒரு கீறல் இல்லை. சேகரிப்பவர்கள் துடிப்பது இந்த மாதிரிக் கத்திக்குத்தான். எனக்கென்னவோ இதன்மேல் ஒட்டுதல் வரவில்லை.

ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்த, துள்ளும் பூனை போட்ட கருப்புத் தகட்டுப் பிடியுள்ள மெர்க்கேட்டர் என்ற கத்தி ஒன்றும் உண்டு. ஒல்லி, கனமில்லை, சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. ஸோலிங்கன் என்ற பெயரை அந்த வட்டாரத்தில் செய்யாத கத்திக்குப் போடக் கூடாது என்று 1938-லிருந்தே ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது. மற்ற ஜெர்மன் கத்திகளில் 'மேற்கு ஜெர்மனி' என்று கண்டால் 1949-க்கும் 1990-க்கும் இடையே என்று கொள்ளலாம்.

விக்டோரினாக்ஸ் கிளைம்பர் என்ற, பல கருவிகள் மடங்கிய சுவிஸ் கத்தியை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதிகம் சொல்லவில்லை. கார்க் திருகிக்குப் பக்கத்தில், பார்சல் தூக்கும் கொக்கி 1991-ல்தான் வந்தது. மாமாவுடையதில் அது இல்லை. நான் தினமும் பையில் வைத்திருப்பது இதுதான். துரு என்ற பேச்சே இல்லை, கத்தரிக்கோல் இன்றும் நூலைக் கடித்து இழுக்காமல் வெட்டுகிறது. அழகு என்று பார்த்தால் கடைசி வரிசை.

பிடி என்ன பொருள் என்று பார்ப்பதற்குப் பலர் சொல்லும் சூட்டு ஊசிச் சோதனையை மட்டும் செய்யாதீர்கள். பழைய கத்திகளில் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக் பிடிகள் உண்டு, சூடு பட்டால் குப்பென்று பற்றும். கண்ணும் மூக்குமே போதும். எலும்பில் பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகள் தெரியும். கொம்பு ஏடு ஏடாக உரியும், பூச்சியும் அரிக்கும். தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். செல்லுலாய்டைத் துணியால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள். நாள்பட்டால் அது சிதைந்து அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கும் கத்திகளின் அலகையும் தின்றுவிடும். சுருளில் ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு சின்னக் கத்தி இருந்தது. கித்தானில் அதற்கு அடுத்த பையில் இருந்த கத்தியில் மட்டும் அப்படி ஒரு துரு. இப்போது அந்த ஆமை ஓட்டு நிறக் கத்தியைக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்திருக்கிறேன். மற்றவற்றையும் கித்தானில் வைப்பதில்லை, துணி ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறையும் வேண்டாம், பித்தளையில் களிம்பு ஏறும். மரப்பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை கொடுங்கள், இவற்றைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் போட்ட கல்லில் கையால் தீட்டுவதுதான் சரி.

சட்டம் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். ஆயுதச் சட்ட விதிகளில் உரிமம் கேட்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை சேராது. பேனாக்கத்தி அதன் பக்கத்திலேயே வராது. பட்டனை அமுக்கினால் பாய்கிற கத்தி கிடைத்திருந்தால் கதை வேறு, காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தந்தப் பிடி, கடமான் கொம்புப் பிடி உள்ளவற்றை விற்கவோ வாங்கவோ போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், வனத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள். விமானத்தில் போவதானால் மறக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். கைப்பையில் இருந்தால் சோதனைக் கூடையில் விழுந்த கத்தி திரும்பி வராது, அது மூர் மார்க்கெட்டில் எட்டணாவுக்கு வாங்கியதாக இருந்தாலும் சரி.