ஒற்றைப்படை எண்கள் மட்டும்

வாஷிங்டனில் டுபாண்ட் சர்க்கிள் மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன் வந்துவிடும். இந்தக் கலை அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் ரெனுவாரின் படகு விருந்துப் படத்துக்குத்தான் கூட்டம். நான் அம்மாவைக் கூட்டிப்போனது ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் இடப்பெயர்வு ஓவிய வரிசையைப் பார்க்க.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, அமெரிக்காவின் தெற்கை விட்டு வடக்கே ரயிலேறிய கறுப்பின மக்களின் கதை. லாரன்ஸின் பெற்றோரே அப்படி வந்தவர்கள்தான். வீட்டில் கேட்டது போதாதென்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் உட்கார்ந்து படித்து, 1941-ல் 60 படங்களை முடித்தபோது அவருக்கு வயது 23. பாகம் பிரித்த சொத்து மாதிரி, ஒற்றைப்படை எண்கள் இங்கே; இரட்டைப்படை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.

பாதிக் கதைதானே என்று தயங்கித்தான் போனேன். ஆனால் நிறம் கதையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. 60 பலகைகளையும் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எல்லாப் படத்திலும் பூசி முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டிருக்கிறார். கறுப்பில் தொடக்கம். கலந்து குழப்பாத நிறங்கள்.

ஒவ்வொன்றும் 12-க்கு 18 அங்குலம்தான், கிட்டப் போய்ப் பாருங்கள். 49-ல் ஓர் உணவகம். வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மறுபக்கம், நடுவே வளைந்து வளைந்து ஓடும் மஞ்சள் கயிறு. 15-ல் வெறும் கிளை, தொங்கும் சுருக்கு, குனிந்து உட்கார்ந்த ஓர் ஆள். செத்தவரைக் காட்டவே இல்லை. அங்கிருந்து எனக்குக் கால் நகரவில்லை.

அம்மா நின்றது 45-ல். ரயில் பிட்ஸ்பர்க் வந்துவிட்டது, குடும்பமே ஜன்னல் வழியே பார்க்கிறது. "சாப்பாட்டுக் கூடையை விடலை பாரு" என்றாள். 57-ல் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நீளக் கம்பால் துணிகளைத் துழாவுகிறாள். "வெள்ளாவி வைக்கிறாளா?" கிட்டத்தட்ட அதேதான்.

59 ஓட்டுப்போடும் வரிசை. அதோடு சுவர் முடிந்தது.

"அப்புறம்?"

"60 நியூயார்க்ல இருக்கும்மா. திரும்பவும் ஸ்டேஷன்ல கூட்டம்."

"இன்னும் வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, உட்கார நாற்காலி தேடினாள்.